ஐம்பத்தொரு வீட்டு நம்பர்

மேலக்கட்டளை தெற்குத் தெருவில் மொத்தம் ஐம்பத்தொரு வீடு. ஐம்பத்தொரு வீட்டுக்கும் ஒரே போன் நம்பர். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். தெருவில் போன் இல்லாத வீடு கிடையாது, சில வீட்டில் இரண்டு மூன்றுகூட இருக்கிறது. ஆனால் பேசுகிற நம்பர் வேறு, அரசாங்கத்துக்குத் தெரிந்த நம்பர் வேறு. அரசாங்கத்துக்குத் தெரிந்தது வைரக்கண்ணுவின் நம்பர் ஒன்றுதான்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் ஆதார் எடுக்க வந்தார்கள். அன்றைக்குத் தெருவிலேயே போன் வைத்திருந்தவர் வைரக்கண்ணு ஒருவர்தான். "ஏதாச்சும் ஒரு நம்பர் சொல்லும்மா, காலியா விட்டா அடுத்த பக்கம் போவாது" என்று கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவன் எரிந்து விழுந்தான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் வைரக்கண்ணு நம்பரைச் சொன்னார்கள். அதற்குப் பிறகு வங்கி, ரேஷன், கேஸ், முதியோர் பென்ஷன், நூறு நாள் வேலை என்று எது வந்தாலும் அந்த நம்பருக்குத்தான் ஆறு இலக்கம் வந்து விழும். அந்த ஆறு இலக்கத்தைப் பத்து நிமிஷத்துக்குள் உரியவர் காதில் போட வேண்டும். வயலில் நின்றாலும், சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் வைரக்கண்ணு போட்டார். திருப்பூரில் தைக்கப் போன பிள்ளைகள் அங்கிருந்தே கூப்பிட்டு வாங்கிக்கொள்வார்கள்.

அந்த நம்பர் அவருக்கு வந்த கதை இன்னும் அழகு. அவர் பஞ்சநதம் வீட்டு நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ஆள். பூதலூர் கடைத்தெருவில் குடை விரித்து சிம் விற்றவன் சான்று கேட்டான். வைரக்கண்ணுவிடம் இல்லை. பஞ்சநதம் தன்னுடைய சான்றைக் கொடுத்து, தன் பெயரிலேயே சிம்மை வாங்கித் தந்தார். பெரிய மனசு என்று ஊர் பேசிக்கொண்டது. கூடத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், "மடையத் தொறந்தியாடா?" என்று கேட்க அவருக்கு ஒரு வழி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மாட்டுக்கு மணி கட்டுகிறவன்கூட அதற்கு நகை செய்து போட்டேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டான். பஞ்சநதம் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஐப்பசி அடைமழையில், வைரக்கண்ணு வரப்பில் சாய்ந்தார். நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். மழைக்காகப் போனைப் பால் பாக்கெட் கவரில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார். அது அடித்துக்கொண்டே இருந்த சத்தத்தை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தார்கள். அவர் மனைவி ராசம்மாள் கவரைப் பிரித்துப் பார்த்தாள். ஏழு மிஸ்டு கால். ஏழும் பஞ்சநதம் வீட்டிலிருந்து. நடுவில் ஒரு மெசேஜ், பக்கத்து வீட்டு ஐயாவு மகளுக்குக் கல்லூரி உதவித்தொகைக்கு வந்த ஆறு இலக்கம். ராசம்மாள் அதை ஐயாவுவிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள். அதற்கும் நேரம் கடந்து போயிருந்தது.

அன்றிலிருந்து போன் அவள் கையில். எட்டாவது வரை படித்தவள், எதையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் உள்ளவள். தேதி, நேரம், எண், யாருக்கு என்று நான்கு கோடு போட்டு எழுதுவாள். தெருவில் ஒரு சட்டம் இருந்தது: இலக்கம் உள்ள மெசேஜ் அரசாங்கம், இலக்கம் இல்லாத மெசேஜ் விளம்பரம். விளம்பரத்தை யாரும் படிப்பதில்லை. அந்தச் சட்டம்தான் கவிழ்த்தது. ஒரு நாள் இங்கிலீஷில் நீளமாக ஒரு மெசேஜ் வந்தது. ஆறு இலக்கம் எதுவும் இல்லை. ராசம்மாள் அதை அழித்துவிட்டாள்.

அதற்கு ஒன்பதாம் நாள் காலையிலிருந்து போனில் ஒரு கோடுகூட டவர் இல்லை. பேட்டரியைக் கழற்றித் துடைத்துப் போட்டாள். சிம்மை எடுத்து முந்தானையில் தேய்த்துப் போட்டாள். ரீசார்ஜ் முடிய இன்னும் இருபது நாள் இருக்கிறது. புருஷன் செத்ததுகூடத் தெருவுக்கு ஒரு வாரத்துத் துக்கம். நம்பர் செத்தால் நாளைக்கே ஐம்பத்தொரு அடுப்பில் கை வைக்கும். போனை இடுப்பில் செருகிக்கொண்டு சமுதாயக் கூடத்துக்குக் கிளம்பினாள். அங்கேதான் அன்றைக்கு ஊரே இருந்தது.

பஞ்சநதத்தின் மகன் ராம்கி சிங்கப்பூரில் பத்து வருஷம் இருந்துவிட்டு, அப்பா செத்த பிறகு ஊர் திரும்பியிருந்தான். ஊரை முன்னேற்ற வந்திருக்கிறான் என்று அவனே நோட்டீஸ் அடித்துக் கொடுத்திருந்தான். கூடத்து வாசலில் பேனர்: 'கனவு மேலக்கட்டளை 2050'. உள்ளே தெற்குத் தெருப் பெண்கள் ஐம்பது பேர் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாற்றுப் பறிப்பை விட்டுவிட்டு வந்தவர்கள். வருகிறவர்களுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ், மதியம் சாம்பார் சாதம். எதிர்காலத்துக்காக அவர்கள் வந்ததாக ராம்கி நம்பினான். அப்படி நம்புவதற்கும் ஒரு படிப்பு வேண்டும்.

நடத்துவதற்குச் சென்னையிலிருந்து குந்தவை என்று ஒரு பெண் வந்திருந்தாள். கைத்தறிப் புடவை, பெரிய பொட்டு, எதைக் கேட்டாலும் நெகிழ்ந்துபோகிற முகம். சார்ட் பேப்பர், கலர் பென்சில், களிமண் எல்லாம் பரப்பியிருந்தாள்.

"எல்லாரும் கண்ண மூடுங்க. இப்ப ரெண்டாயிரத்து அம்பது. உங்க கையில ஒரு போன் இருக்கு. அதுல என்னென்ன பண்றீங்க? மனசுல பாருங்க."

ஐயாவு மனைவி நாகம்மாள் ஒரு கண்ணை மட்டும் மூடினாள். "கண்ண மூடுனா தூக்கம் வருது தாயி. அஞ்சு மணிலேந்து நாத்துப் பறிச்சிருக்கோம். அப்பறம், ரெண்டாயிரத்து அம்பதுல நா எங்க இருப்பேன்? செவுத்துல மால போட்டு இருப்பேன்."

கூடம் சிரித்தது. குந்தவையும் சிரித்து, அதையும் எழுதிக்கொண்டாள்.

ராம்கி மைக்கை வாங்கினான். "அக்கா, ட்ரோன் வந்துரும். மெஷின் வந்துரும். நீங்க ஃபேனுக்கு அடியில உக்காந்துக்கிட்டு, போன்ல இப்படித் தொட்டா நடவு முடிஞ்சிரும்."

"கூலியும் ஃபேனுக்கு அடியிலேயே வந்துருமா சார்?" என்றாள் நாகம்மாள்.

"அது... வேற வேற வாய்ப்பு வரும்க்கா."

"வாய்ப்ப எந்தப் பாத்திரத்துல சார் வடிக்கிறது?"

ராசம்மாள் பின்சுவரில் சாய்ந்து போனை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடமும் ஒரு சார்ட்டை நீட்டி, "உங்க கனவ வரைங்கம்மா" என்றாள் குந்தவை. ராசம்மாள் கறுப்புப் பென்சிலை எடுத்துப் பத்து இலக்கத்தை எழுதித் திருப்பிக் கொடுத்தாள். "இந்த நம்பருக்கு ஒங்க போன்லேந்து ஒரு அடி அடிச்சுப் பாருங்களேன், எடுக்குதான்னு" என்று கேட்கத்தான் எழுதினாள். குந்தவைக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்ளோ பெரிய விஷயத்த எவ்ளோ சிம்பிளா சொல்லிட்டீங்க" என்று அதைக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டிப் படம் எடுத்தாள். கடைசிவரை அடித்துப் பார்க்கவில்லை.

டிபன் பாக்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பெயர் பதிய வேண்டும். ஆதார் எண்ணைப் போட்டால், அதோடு சேர்ந்த போனுக்கு ஆறு இலக்கம் போகும். அதைச் சொன்னால்தான் வந்ததாகக் கணக்கு. குந்தவை டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டாள். முதல் ஆள், இரண்டாவது ஆள், ஐந்தாவது ஆள். அவள் நெற்றி சுருங்கியது.

"சார், எல்லாருக்கும் கடைசி மூணு நம்பர் நாலு ஒண்ணு ஏழுன்னே வருது. ஓடிபி யாருக்கும் வரல."

"ஒரே நம்பரா? ஏதோ ஃப்ராடு மாதிரி இருக்கே." ராம்கி எழுந்து வந்தான். "யார் நம்பர்ங்க இது? முழுசா சொல்லுங்க."

கேட்டதுதான் தாமதம். ஐம்பது பெண்கள் வாய்ப்பாடு ஒப்பிப்பதைப்போல் ஒரே குரலில் பத்து இலக்கத்தையும் சொன்னார்கள். வாசலில் விளையாடிய குழந்தைகள்கூடக் கடைசி மூன்றில் சேர்ந்துகொண்டன. ராம்கி தன் போனில் எதையோ தேடினான். தேடியது கிடைத்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது.

"இது அப்பா பேர்ல இருந்த நம்பராச்சே. நம்ம பேர்ல எத்தன சிம் இருக்குன்னு பாக்குற சைட்ல அப்பாவுக்குப் பாத்தேன். எனக்குத் தெரியாத நம்பரா இருந்துச்சு. எங்களது இல்லன்னு நான்தான் போட்டேன். நிறுத்தப்போறோம்னு மெசேஜ் போயிருக்கும், அப்பறம் கட் ஆயிருக்கும்."

ராசம்மாள் எழுந்து முன்னால் வந்தாள். "அது எங்க வீட்டுக்காரர் நம்பர் சார்."

"அது சரி ராசம்மாக்கா, ஆனா அப்பா பேர்ல இருந்துச்சுல்ல? நாளைக்கு யாராவது அத வச்சுத் தப்புத்தண்டா பண்ணா நான்ல உள்ள போவணும்?"

அக்கா என்றது குந்தவைக்காக. அவள் இல்லாத இடத்தில், "ராசம்மா, இங்க வா" என்றுதான் இருக்கும்.

"திருப்பி வாங்கிக் குடுங்க சார்."

"பழசையே ஏன் புடிச்சிக்கிட்டு இருக்கீங்க? ஆளுக்கொரு நம்பர் மாத்திக்கங்க. ஆதார் சென்டருக்குப் போனா அஞ்சு நிமிஷ வேல."

அந்த ஐந்து நிமிஷத்தை ராசம்மாள் அறிவாள். பூதலூர் சென்டரில் ஒரு நாளைக்கு முப்பது டோக்கன், அதற்கு விடியற்காலையில் போய்ச் செருப்பைப் போட்டு இடம் பிடிக்க வேண்டும். நடவு நட்ட விரலில் ரேகை விழாது, பத்து நாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வா என்பார்கள். படுத்த படுக்கையாக மூன்று கிழவிகள் இருக்கிறார்கள். பாதி ஆண்கள் திருப்பூரிலும் கேரளாவிலும். இதையெல்லாம் அவள் வரிசையாகச் சொன்னாள். ராம்கி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். குந்தவை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டாள். துணியைத் துவைக்கப் போட்டால் அதையும் படமெடுத்துப் போகிற ஜாதி அது என்று ராசம்மாளுக்குத் தோன்றியது.

அப்புறம் குந்தவை ராம்கியின் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள். முன்வரிசைக்கு எல்லாம் கேட்டது. "சார், நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள இவங்க ஓடிபி ஏறலேன்னா நம்ம லிஸ்ட்ல ஆளே இல்லேன்னு ஆயிரும். இந்த ப்ரோக்ராமே நடக்கலேன்னு அர்த்தம்."

ராம்கி நிமிர்ந்தான். எதிரே ஐம்பது பேர் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்தத் திட்டத்துக்காக அவனுக்குச் சம்பளம் தருகிற டெல்லிக்காரர்களைப் பொறுத்தவரை அந்தக் கூடம் காலி. தெற்குத் தெருவுக்கு இது புதிதல்ல. அவனுக்குத்தான் புதிது.

"வாங்கக்கா, கார்லயே போயிட்டு வந்துரலாம்."

பூதலூர் போன் கடையில் ஏசி இருந்தது. கவுன்ட்டரில் இருந்தவன் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றையும் ராம்கியின் போனிலேயே பார்த்துக்கொண்டான். ஒரு படிவத்தை எடுத்து வைத்தான்.

"தவறுதலா நிறுத்தச் சொல்லிட்டீங்க, சரி. இவ்ளோ நாளா யார் யூஸ் பண்ணாங்க சார்? வேற ஆள்னா அவங்க பேப்பர் எல்லாம் வேணும், லேட் ஆவும்."

ராம்கி ஒரு விநாடி யோசித்தான். ராசம்மாள் இரண்டடி தள்ளி, வைரக்கண்ணுவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆள் இல்லீங்க. மோட்டார்ல போட்டிருந்தோம். போன் பண்ணா ஆன் ஆவும்ல, அந்த ஸ்டார்ட்டர் பெட்டி. அதுக்குள்ள இருந்த சிம்மு."

"ஓ, பம்ப்செட்டா? அப்ப ஈஸி சார்."

அவன் எழுதுவதை ராசம்மாள் தலைகீழாகவே படித்தாள். பயன்படுத்தியவர் என்ற இடத்தில் 'மோட்டார்'. வைரக்கண்ணு செத்த மறுமாதமே பஞ்சநதம் உண்மையிலேயே அப்படி ஒரு பெட்டி வாங்கி வைத்தார். பதினைந்து வருஷம் மழை, வெயில், பாம்பு பார்க்காமல் வரப்பில் ஓடிய ஆளுக்குப் பதில் சுவரில் ஒரு பெட்டி. அப்பா பெட்டியை வைத்தார். மகன் ஆளையே பெட்டிக்குள் வைத்துவிட்டான். இவ்வளவுக்கும் அவன் கெட்டவனாக இருந்து செய்யவில்லை. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று செய்தான். அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நம்பர் போய்விடும்.

நம்பர் வந்தது, ராம்கி பெயரில். புது சிம்மை அவளிடம் தருவான் என்று கையை நீட்டினாள். அவன் அதைத் தன் போனிலேயே இரண்டாவது சிம்மாகப் போட்டுக்கொண்டான்.

"என்கிட்டயே இருக்கட்டும் ராசம்மா. லிஸ்ட்ட ஏத்தணும். அப்பறம் உங்க எல்லாருக்கும் ஒரு ஆப் பண்ணப்போறேன். ஓடிபி தானா உங்க போனுக்கு வந்துரும். நீ தெருத்தெருவா ஓட வேணாம் பாரு."

கார் ஏறுவதற்குள்ளேயே அந்த 'அக்கா' காணாமல் போயிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவனும் குந்தவையும் மாடியில் உட்கார்ந்து ஐம்பது பேரையும் அரை மணி நேரத்தில் பதிந்து முடித்தார்கள். ஒரு பெண்ணைக்கூடக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. எண் அவர்களிடமே இருந்தது, ஆறு இலக்கமும் அவர்களிடமே வந்தது. மக்கள் இல்லாமலே மக்கள் பங்கேற்பு நடந்தது. மறுநாள் டிபன் பாக்ஸைக் கொடுத்துவிட்டுக் குந்தவை ரயிலேறினாள். பாக்ஸுக்கு மூடி சேரவில்லை. ஐம்பதில் ஒன்றுக்குக்கூடச் சேரவில்லை.

"என்னடி ராசம்மா, போன வச்சிக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்க?" ஐயாவு வந்து கேட்டார். "கேஸுக்குச் சொல்லிருக்கேன், நம்பர் வந்துச்சா?"

"நம்பர் உசுரோடதான் இருக்கு மாமா. மாடி வீட்ல இருக்கு."

"அங்க நா எப்பிடிப் போயிக் கேக்குறது?"

"போவ வேணாம். ஒங்களுக்குத்தான் நம்பர் மனப்பாடம் ஆச்சே. அதே நம்பருக்கு அடிங்க. எடுத்துப் படிச்சுச் சொல்லுவாரு. சொல்லித்தான ஆவணும்?"

ஐயாவு தயங்கினார். மூன்று தலைமுறையாக அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற கால். ஆனால் போனுக்கு வாசல் இல்லை. அடித்தார்.

அப்புறம் யாரும் தயங்கவில்லை. பென்ஷன் வாங்கப் போன கிழவி வங்கி வாசலிலிருந்து, "என்ன வந்துருக்குன்னு பாருய்யா" என்றாள். திருப்பூரிலிருந்து பிள்ளைகள் டீ நேரத்தில் கூப்பிட்டார்கள். "வைரக்கண்ணு மாமா வீடுதான? சீக்கிரம் சொல்லுங்க, டைம் ஓடுது." ரேஷன் கடை வரிசையிலிருந்து ஒரே காலையில் பதினோரு பேர். நாகம்மாள் விடிவதற்குள் கூப்பிட்டு, "சார், முழிச்சிட்டீங்களா? நாத்தங்காலுக்குப் போறதுக்குள்ள சொல்லிருங்க" என்றாள். அவன் எடுக்காவிட்டால் மறுபடி அடித்தார்கள். அதையும் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரை விட்டு அடிக்கச் சொன்னார்கள். டெல்லிக்காரர்களோடு மீட்டிங்கில் அவன் 2050-ஐ விளக்கிக்கொண்டிருந்தபோது, "என்னய்யா, இன்னும் படிக்கலியா?" என்று ஐயாவு குரல் ஸ்பீக்கரில் கேட்டதாகக் கார் டிரைவர் வந்து தெருவில் சொன்னான். தெரு வயிறு குலுங்கச் சிரித்தது. ராசம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் நினைவில் ஏழு மிஸ்டு கால் இருந்தது.

நான்காம் நாள் ராம்கியே தெற்குத் தெருவுக்கு வந்தான். கண்ணுக்குக் கீழே கறுப்பு. சிம்மை ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தான்.

"இந்தா ராசம்மா. நீயே வச்சுக்க. தாங்க முடியலப்பா சாமி! குளிக்கப் போனாக்கூட விட மாட்டேங்குறாங்க."

"இதே போனோடதான் எங்க வீட்டுக்காரர் பத்து வருஷம் குளிச்சாரு தம்பி."

தம்பி என்ற சொல் அவன் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அவன் அதைத் துடைக்கத் தெரியாமல் நின்றான். அவள் காகிதத்தை வாங்கவில்லை.

"சும்மா குடுத்தா வாங்க மாட்டேன். இன்னொரு நாளைக்கு இன்னொரு சைட்ல பாத்து, எங்களது இல்லன்னு அமுக்குவீங்க. எம்பேருக்கு மாத்திக் குடுங்க. கடைக்கு வாங்க."

"இப்பவா? எனக்கு மீட்டிங் இருக்கு."

அவன் கையிலிருந்த போன் அடித்தது. திரையில் நாகம்மாள். அவன் எடுக்காமல் அதையே பார்த்தான். பிறகு கார்ச் சாவியை எடுத்தான்.

அதே கடை, அதே ஏசி. பெயர் மாற்றும் படிவத்தைக் கவுன்ட்டர் பையன் ராம்கியின் பக்கம் தள்ளினான். ராசம்மாள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பேனாவைத் தன் பையிலிருந்து எடுத்தாள், நோட்டில் கோடு போடுகிற அதே பேனா. இதுவரை பயன்படுத்தியவர் என்ற இடத்தில் நிறுத்தி எழுதினாள்: 'வைரக்கண்ணு, என் கணவர்.'

"பம்ப்செட்னு சொன்னீங்களே சார்?" என்றான் பையன்.

ராம்கி ராசம்மாளைப் பார்த்தான். அவள் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். அந்த விரலில் ரேகை இல்லை.

"இல்ல," என்றான் ராம்கி. "ஆள்தான்." கையெழுத்துப் போட்டான்.

சிம்மை அவளே பழைய போனில் போட்டாள். ஒவ்வொரு கோடாக டவர் ஏறியது. கடைக்கு வெளியே வெயிலில் நின்று ராம்கி கார்க் கதவைத் திறந்தான். போன மூச்சு கொஞ்சம் திரும்பியிருந்தது போலிருக்கிறது.

"அடுத்த மாசம் ரெண்டாவது ரவுண்டு வச்சிருக்கோம்க்கா. உங்க சார்ட்டத்தான் ரிப்போர்ட்டு அட்டையில போடப்போறாங்க. கண்டிப்பா வரணும்."

"வரலாம் தம்பி," என்றாள் ராசம்மாள். "இந்தத் தடவையாச்சும் மூடி சேர்ற பாக்ஸா வாங்குங்க."

போன் அடித்தது. அவள் காரில் ஏறவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துகொண்டே எடுத்தாள்.

"சொல்லுங்க மாமா. வந்துருச்சு. எழுதிக்கங்க..."